கம்பியில்லா ஞாயிறு

பதினொன்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தாராளமாக இருக்கிறது என்று பூங்கோதை மடிக்கணினியைப் பார்த்துச் சொன்னாள், தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதை அதனிடம் சொல்வதுபோல. திரையின் மேல் மூலையில் விசிறி விரித்தாற்போல நிற்கும் வைஃபை அடையாளத்தைக் காணோம். நேற்றுப் படுக்கப்போகும்போது இருந்ததே, காலையில் பல் தேய்க்கும்போதுகூட இருந்ததே, எங்கே போயிற்று, அப்டேட், அப்டேட்தான், யார் போடச் சொன்னது. முக்கியமான வேலைக்கு முன்னால் அப்டேட் போடாதீர்கள் பிள்ளைகளே என்று வருஷா வருஷம் முதலாமாண்டு வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்கிறவளே அவள்தான், கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வெகுநாளாகக் கணினி சொல்லிக்கொடுக்கிறவள், லேபில் இருக்கும் மெஷின் முழுக்க லினக்ஸ் போட்டு, ஒன்று தும்மினாலும் ஓடிப்போய்ப் பார்க்கிறவள். சந்தோஷத்தில் போட்டுவிட்டாள். அதுதான் உண்மை. விடியுமுன்பே விழிப்பு வந்துவிட்டது, எழுந்து ஜன்னல் கண்ணாடியை எல்லாம் துடைத்தாள், ஸ்டவ்வைத் தேய்த்தாள், தலைக்குக் குளித்தாள், ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தபோது வீட்டில் சுத்தம் செய்ய மிச்சம் இருந்தது இந்தக் கணினி ஒன்றுதான், இதுவும் இன்றைக்குப் புதுசாக இருக்கட்டுமே என்று கை தானாக அப்டேட் கொடுத்தது. நாற்பத்து நான்கு வயதில் ஒருத்தி இப்படியா துள்ளுவாள். துள்ளினால் என்ன. துள்ளித்தான் வைஃபையைத் தொலைத்தாய், இப்போது உட்கார்ந்து தேடு.

தேடியே ஆகவேண்டும், ஏனென்றால் பதினொரு மணிக்கு இந்தத் திரையில் இசக்கிமுத்து கூப்பிடுவார், தென்துருவத்துப் பனியிலிருந்து. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும், இப்போதும் வந்தது, இந்தப் பதற்றத்திலும் வந்தது. கல்லூரி ஹாஸ்டல் மெஸ்ஸில் பெரிய சமையல்காரராக இருந்த மனுஷன், அம்பாசமுத்திரத்துக்காரர், போன வருஷம் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே லேப் வாசலில் வந்து நின்று, "மேடம், அண்டார்டிக்காவுக்கு ஆளெடுக்காவளாம், அங்க ஆராய்ச்சி பண்ணுத சயின்டிஸ்டுமாருக்குப் பொங்கிப்போட. சும்மா எழுதிப்போட்டேன், வரச்சொல்லிட்டாவ. போவட்டுமா?" என்று கேட்டார். என்னை ஏன் கேட்கிறார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை, கணினி வேலை முடியாமல் மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாகப் போகிற நாட்களில் எல்லாம் ஒரு கிண்ணம் ரசம் மட்டும் சூடாக இருப்பது எப்படி என்றும் தோன்றவில்லை, பிள்ளைகளுக்கு வைத்த ரசத்தில் மிச்சம் என்றுதான் நினைத்தாள், மிச்ச ரசம் அப்படி ஆவி பறக்குமா, மண்டு. போய்ட்டு வாங்க, நல்லா பாத்துட்டு வந்து எங்களுக்கும் சொல்லுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் வந்து சொல்லக் காத்திருக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கிருந்தே சொன்னார். அங்கே சாட்டிலைட் வழியாக ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசக் கொடுப்பார்களாம், அவர் முறை ஞாயிறு பதினொன்று. கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை, முதல் இரண்டு மாதம் கூரையையும் ஒரு டியூப்லைட்டையும் பார்த்துக்கொண்டுதான் அவள் பேசினாள். பெங்குவின் பாத்தீங்களா என்று கேட்டால், "அது கரைப்பக்கம் மேடம், இங்க காக்காகூட கெடையாது. அமாவாசைக்கு வடை சுட்டேன், வைக்கதுக்கு ஒரு காக்கா வேணும்லா, இல்ல. நானே தின்னுட்டேன்" என்பார். தட்டில் பஞ்சு வைத்து விளக்கு வெளிச்சத்தில் கொத்தமல்லி வளர்க்கிறார், முதல் இலை விட்ட அன்று வங்காளி விஞ்ஞானி ஒருவர் அதை மோந்து பார்த்து அழுதே விட்டாராம். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லையென்றால் அவளுக்கு வாரம் என்று ஒன்று இருந்ததா, திங்கள் முதல் சனி வரை ஒரு நீளப் பாதை, கடைசியில் அந்த டியூப்லைட்.

போன ஞாயிறு அவர் கொத்தமல்லி பற்றிப் பேசவில்லை. தொண்டையைச் செருமினார். "மேடம், ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டு வச்சிருவேன், நீங்க ஒடனே ஒண்ணும் சொல்லவேண்டாம்" என்றார். பின்னால் யாரோ, டைம், டைம் என்று குரல் கொடுத்தார்கள். "நான் மாசில திரும்பி வாரேன். வந்தபெறவு நாம ரெண்டுபேரும் ஒரே வீட்ல இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன். எனக்கு நல்லாத்தான் இருக்கும். ஒங்களுக்கு எப்படின்னு தெரியல. அடுத்த ஞாயிறு கூப்பிடுதேன். இஷ்டமில்லைன்னா போனை எடுக்கவேண்டாம் மேடம், அடிச்சு ஓயட்டும், நான் புரிஞ்சுக்கிடுதேன், அதுக்குப்பெறவு தொந்தரவு பண்ணமாட்டேன். அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கக்கெழமை இங்கேருந்து வண்டியெல்லாம் கரைக்குப் போவுது, சாமான் எடுக்க, சமையலுக்கு நானும் போறேன், திரும்ப ஒரு மாசம் ஆவும்." அவ்வளவுதான், போனை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டார், ஒரு கணம் முன்பின் தெரியாத தாடிக்காரர் ஒருவர் திரையில் வந்து அவளைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டு வெட்கத்தோடு போனை அணைத்தார். இஷ்டமில்லைன்னா எடுக்கவேண்டாம். எடுக்காவிட்டால் இஷ்டமில்லை. அந்த மனுஷனுக்கு வைஃபை போவது, அப்டேட் கெடுப்பது, இதெல்லாம் தெரியுமா, அவருக்குத் தெரிந்த உலகத்தில் போன் அடித்தால் எடுப்பார்கள், எடுக்காவிட்டால் மனமில்லை.

கறுப்புத் திரையைத் திறந்தாள். எழுத்து மட்டும் பேசும் அந்த ஜன்னலைத் திறந்தாலே அவளுக்குப் பாதி பயம் போய்விடும், படம் காட்டி மழுப்பாது, கேட்டதற்குப் பதில் சொல்லும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும், எத்தனை மனிதர்கள் அப்படி. ஐ.பி. லிங்க் என்று அடித்தாள், உள்ளே என்னென்ன இணைப்புக் கருவி இருக்கிறது சொல். வைஃபை அட்டையின் பெயர் வந்தது, அப்பாடா, உயிரோடு இருக்கிறது, பக்கத்தில் டவுன் என்று ஒரு சொல், படுத்திருக்கிறது. எழுந்திரு என்றாள், அதற்கும் ஒரு கட்டளை உண்டு. முடியாது, ரேடியோ அடைக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. யார் அடைத்தது, நான் அடைக்கவில்லையே. ஆர்.எஃப்.கில் என்று கேட்டாள், ரேடியோக்களைப் பூட்டித் திறக்கிற காவல்காரன் அதுதான், மென்பூட்டு ஆம், வன்பூட்டு இல்லை என்று இரண்டே வரி. மென்பூட்டா, அவ்வளவுதானா, கையால் திருகும் பூட்டு இல்லை, சொல்லாலே திறக்கிற பூட்டு, அப்டேட் முடிந்து எழுந்த அவசரத்தில் தானே போட்டுக்கொண்டிருக்கும். போன ஞாயிறு ராத்திரி அவளுக்குள்ளும் இப்படி ஒரு பூட்டுத்தான் விழுந்தது, அண்ணன் என்ன சொல்வார், சமையக்காரனா என்பார், உடுமலைப்பேட்டையில் நின்றபடி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சமையக்காரனாம்மா என்பார், துறைத்தலைவி என்ன சொல்வாள், பிள்ளைகள் கரும்பலகையில் ரசம் என்று எழுதிவைப்பார்கள், இத்தனை நாள் தனியாக இருந்துவிட்டுப் பாத்ரூமில் இன்னொரு டவலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா, குறட்டை விடுவாரா, விடுவார், அந்த உடம்புக்குக் கட்டாயம் விடுவார். திங்கள் காலையில் எழுந்தபோது பூட்டைக் காணோம், திறந்ததும் தெரியவில்லை, பஸ்ஸுக்கு நிற்கும்போது தேயிலைச் சரிவில் வெயில் விழுந்தது, மாசி எப்போது வரும் என்று மனம் பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான், பதில் கிடைத்துவிட்டது. திற என்று கட்டளை கொடுத்தாள். சத்தமில்லாமல் திறந்தது. எழுந்திரு. எழுந்தது. சபாஷ் என்று வாய்விட்டுச் சொல்லித் தொடையில் தட்டிக்கொண்டாள்.

சுற்றிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடச் சொன்னாள். ஒரே பெயர்தான் வந்தது, கீழ்வீட்டு ராஜகோபால் சாரின் வைஃபை, வலுவாக, முழு விசிறியாக. அவளுக்கென்று தனி இணைப்பு கிடையாது, கீழே சார் வீட்டில் இருக்கும் ரூட்டரிலிருந்துதான் மாடிக்கும், வாடகை பேசும்போதே வைஃபையும் சேர்த்துத்தான் பேசினார்கள். இணை என்றாள். சுற்றியது, சுற்றியது, பாஸ்வேர்டு கொடு என்றது. கொடுத்தாள். மறுபடி சுற்றி மறுபடி பாஸ்வேர்டு கொடு என்றது. எழுத்து எழுத்தாக, உதட்டால் சொல்லிச் சொல்லி அடித்தாள். இணைப்பு முடியவில்லை. சார் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாரா, மாற்றினால் சொல்லுவாரே, சொல்லாமலும் இருக்கலாம், மேட்டுப்பாளையத்தில் மச்சினன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு முந்தாநாளே சாரும் மனைவியும் கிளம்பிவிட்டார்கள், கிளம்புகிற அவசரத்தில் எதையாவது அமுக்கி வைத்தாரோ. கேட்கலாம் என்றால் போன் இல்லை. அவளுடைய செல்போன் வெள்ளிக்கிழமை துணி அலசும்போது பக்கெட்டுக்குள் விழுந்துவிட்டது, அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறாள், நேற்று எடுத்துப் பார்த்தாள், உயிர் வரவில்லை, இரண்டு அரிசி மட்டும் சார்ஜர் ஓட்டையில் மாட்டிக்கொண்டு வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள், டி.வி.க்குப் பக்கத்தில் ரூட்டர் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது, எல்லா விளக்கும் எரிந்தன, அதற்கு ஒரு குறையும் இல்லை, கூடத்தை நிறைத்து, சுவரைத் தாண்டி, இந்தக் கண்ணாடியைத் தாண்டி, அவள் முகத்தின்மேலேயே வந்து விழுந்துகொண்டிருக்கும் அந்த இணைப்பு, அவளை நனைக்கிறது, அவளால் ஒரு சொட்டு எடுக்க முடியவில்லை.

"ஏனுங் டீச்சர், ராஜகோபாலண்ணன் ஊட்டுல இல்லீங்களே, ஆரத் தேடறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாப்பாத்தியக்கா. கீழ்ச்சரிவில் நாலு பாத்தி காய்கறி போட்டுக்கொண்டு மாடு ஒன்றை வைத்திருக்கிறவள், தினமும் பால் ஊற்றுகிறவள், இன்றைக்கு மடியில் ஒரு குவியல் பீன்ஸோடு நின்றாள். பூங்கோதைக்கு அவளைப் பார்த்ததும் ஏனோ அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அக்கா, உங்க போனு இருக்குதுங்களா?" என்றாள். "இருக்குதுங். ஆனா டவரு மேல மரம் உளுந்து மூணு நாளாச்சே, அது சும்மா டார்ச்சு அடிக்கத்தானுங் ஆகுது. என்னாச்சுங், ஆருக்காவது மேலுக்குச் சரியில்லீங்களா?" இல்லை என்று தலையாட்டினாள் பூங்கோதை, படியேறத் தொடங்கினாள், பாப்பாத்தியக்கா பின்னாலேயே ஏறினாள், "பின்ன என்னத்துக்குங் வெறுங்கால்ல ஓடறீங்க, மொகமெல்லாம் செவந்து கெடக்குது." பாதிப் படியில் பூங்கோதை திரும்பினாள். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடம் சொல்லவில்லை, கண்ணாடியிடம்கூட ஒரு தடவைதான் சொன்னாள், இப்போது பீன்ஸ் மடியோடு நிற்கிற இந்த அக்காவிடம் வாய் தானாகத் திறந்தது. "ஒருத்தர் போன் பண்றேன்னாருங்க்கா. என்னைக் கட்டிக்கறீங்களான்னு கேட்டிருக்காரு. நான் எடுக்கலைன்னா வேண்டாம்னு அர்த்தம். இந்தச் சனியன் இன்னைக்குப் பாத்து வேலை செய்யமாட்டேங்குது." பாப்பாத்தியக்கா படியில் உட்கார்ந்து பீன்ஸை மடியிலிருந்து படிக்கட்டில் சரித்தாள். "அப்பிடிப் போடுங்," என்றாள். "பின்ன இங்க நின்னு எங்கூடப் பேசிட்டு இருந்தா ஆகுமா? ஓடுங், போயி அதச் சரிபண்ணுங்."

உட்கார்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்திருக்கக்கூடாது. பதினொன்று நெருங்கிவிட்டது. அங்கே இப்போது இட்லித் தட்டைக் கழுவி அடுக்கியிருப்பார், கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றிருப்பார், முன்னால் நிற்பவர் பேசி முடிப்பதற்குள் நாலு தடவை தொண்டையைச் செருமியிருப்பார். போன் அடிக்கும். அடித்துக்கொண்டே இருக்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார், ரசம் கொதி வரும் சத்தத்தைக் கேட்பதுபோல, பிறகு சரி என்று ஒரு சொல் சொல்லி, அந்தத் தாடிக்காரரிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார், நாளைக்குப் பனிவண்டியில் ஏறிப் போய்விடுவார், ஒரு மாதம் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் அந்தச் சரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் நீ ஆயிரம் விளக்கம் எழுது, வைஃபை போய்விட்டது என்று எழுது, மேடம் இரக்கப்பட்டு எழுதுகிறார்கள் என்றுதான் நினைப்பார், முதல் மனைவி விட்டுப் போனதைக்கூட, "அவளுக்கு என் சமையல் புடிக்கல, எனக்கு அவ சமையல் புடிக்கல, ரெண்டுபேரும் நல்லவங்கதான்" என்று சொல்லிச் சிரிக்கிற ஆள், யாரையும் குற்றம் சொல்லத் தெரியாத ஆள், தன்னையே ஒதுக்கிக்கொள்வார். அவசரப்பட்டால் எழுத்து தப்பும், எழுத்து தப்பினால் கட்டளை தப்பும். மூச்சு விடு. பிள்ளைகளிடம் என்ன சொல்வாய். ஊகிக்காதே, கேள். மெஷினிடம் கேள், அது எழுதிவைத்திருக்கும். பாஸ்வேர்டு தப்பு என்று நீயாக நினைத்துக்கொண்டாய், அது அப்படிச் சொல்லிற்றா?

கேட்டாள். இணைப்பு முயற்சி நடந்த நேரத்துக் குறிப்புகளைக் காட்டு. வரிசையாக வந்து விழுந்தன, கண்ணால் அள்ளினாள். ரூட்டரிடம் போனேன், கதவைத் தட்டினேன், மறுத்துவிட்டது. மறுபடி தட்டினேன், மறுத்துவிட்டது. மறுத்துவிட்டது. பாஸ்வேர்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பாஸ்வேர்டு கேட்கிற இடத்துக்கே உள்ளே விடவில்லை, வாசலிலேயே நீ யார் என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. தெரியாத ஆளா நான், ஐந்து வருஷமாக வருகிறேனே. "கெடச்சுதுங்களா?" என்றாள் பாப்பாத்தியக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. "இருங்கக்கா, இருங்க, என்னை அடையாளம் தெரியலையாம் இதுக்கு" என்று சொல்லும்போதே மண்டைக்குள் எங்கேயோ ஒரு விளக்கு மினுங்கியது, அடையாளம், அடையாளம், மறுபடி ஐ.பி. லிங்க் அடித்தாள், முதலில் அவசரத்தில் கண்ணை ஓட்டிவிட்டுப் போன அதே வரி, வைஃபை அட்டையின் முகவரி, எண்ணும் எழுத்துமாக ஒரு சரம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு சரம், நிரந்தர முகவரி என்று. இரண்டும் வேறு வேறு. இரண்டும் வேறு வேறு! பூங்கோதை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். ஒவ்வொரு அட்டைக்கும் பிறக்கும்போதே ஒரு முகவரி உண்டு, புது அப்டேட் வந்து, யாரும் உன்னைப் பின்தொடரக்கூடாது என்று அக்கறையாக, அதற்கு ஒரு பொய் முகவரியை மாட்டி அனுப்பியிருக்கிறது, கீழ்வீட்டு ரூட்டரோ தெரிந்த முகவரியைத் தவிர யாரையும் விடாது, விடாதபடி செய்தது யார், அவளேதான்! கோடை சீசனில் எதிர் லாட்ஜுக்கு வருகிறவர்கள் எல்லாம் எப்படியோ பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு கிரிக்கெட் பார்க்கிறார்கள் என்று ராஜகோபால் சார் புலம்பினார், இனி ஒரு ஈ உள்ளே வராது சார், நம்ம வீட்டு மெஷினை மட்டும் விடச் சொல்லியிருக்கேன் என்று அவள்தான் பெருமையாகப் பூட்டிக் கொடுத்தாள், அவர் மனைவி கனகம்மா அதற்குக் கேசரி செய்து கொடுத்தார். ஒரு ஈகூட வராது. வரவில்லை. பூங்கோதை சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னங் டீச்சர், கிறுக்குப் புடிச்சுப்போச்சா?" என்றாள் பாப்பாத்தியக்கா. "வேஷம் போட்டுட்டுப் போயி நம்ம வீட்டுக் கதவையே தட்டியிருக்குதுங்க்கா. நானா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

உன் சொந்த முகவரியோடு போ என்று சொல்ல ஒரே ஒரு வரி. நீளமான வரி, நடுவில் புள்ளிகளும் கோடுகளும் உண்டு, ஒரு தடவை தப்பாக அடித்தாள், திட்டு வாங்கினாள், திருத்தினாள், சரியாக விழுந்தது. இணைப்பை எழுப்பு. சுற்றியது. பாப்பாத்தியக்கா எதையோ முணுமுணுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள், சென்னிமலை முருகனாக இருக்கவேண்டும், பூங்கோதைக்கு முருகனும் ஞாபகம் வரவில்லை, ஒன்றும் ஞாபகம் வரவில்லை, சுற்றுகிற அந்தச் சின்னக் கோடு மட்டும் உலகத்தில் இருந்தது, அப்புறம் அது நின்றது, இணைந்தது என்று ஒரு சொல் வந்தது. நம்பவில்லை. வெளியுலகத்துக்கு ஒரு பிங் போட்டாள், ஏய் இருக்கிறாயா என்று ஒரு கல் எறிவது மாதிரி, வந்தது பதில், அடுத்தது, அடுத்தது, வரிக்குக் கீழே வரி, எங்கேயோ கடலுக்கு அடியில் கேபிளில் ஓடி யாரோ பேர் தெரியாத மெஷினைத் தொட்டுவிட்டு இருக்கேன், இருக்கேன், இருக்கேன் என்று திரும்பி ஓடி வருகிற வரிகள், அவற்றைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. லேபில் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறாள், பதில் வருவதில் இத்தனை தித்திப்பு உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. முகவரி எண்ணைத் தட்டினால் பதில் வந்ததே தவிர, பேசுகிற மென்பொருளைத் திறந்தால் அது இன்னும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றது, பெயர்களை எண்ணாக மாற்றுகிற சேவை தூங்கிப்போயிருந்தது, அதையும் தட்டி எழுப்பினாள், இப்போது பயம் இல்லை, வழியில் கிடக்கும் கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் போவது மாதிரி. பதினொன்று தாண்டிவிட்டிருந்தது. தாண்டியிருந்தால் என்ன, எவ்வளவு தாண்டியது, இதற்குள் அடித்து ஓய்ந்திருக்குமா, முன்னால் நிற்பவர் தாராளமாகப் பேசுகிற ஆளாக இருக்கக்கூடாதா, பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு நேரம் எடுத்துக்கொள்ளக்கூடாதா, கடவுளே அவர்களுக்கு ஒரு சின்னச் சண்டை கொடு.

அடித்தது.

எடுத்தாள், முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள், எடுத்தபிறகும் இன்னொரு தடவை பொத்தானை அமுக்கினாள். திரையில் டியூப்லைட். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு கட்டைவிரல். "அலோ," என்றது குரல், மறுபடியும் அலோ என்றது, எடுக்கமாட்டார்கள் என்றே மனதைத் தயார்செய்துகொண்டு வந்தவருக்கு எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பது அந்த இரண்டாவது அலோவிலேயே தெரிந்தது. அவளும் ஒரு வாரமாகத் தயாரித்திருந்தாள், குளிக்கும்போது ஒரு வாக்கியம், பஸ்ஸில் ஒரு வாக்கியம், யோசித்துப் பார்த்தேன், எனக்கும் சம்மதம் என்று ஒன்று, அது பத்திரப்பதிவு ஆபீஸ் மாதிரி இருந்தது, உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒன்று, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, எல்லாம் இப்போது எங்கேயோ போய்விட்டன. "ரெண்டு ரூமு இருக்குதுங்க இங்க," என்றாள். "அடுப்படி சின்னது. நீங்க வந்து பாத்துட்டுப் புடிக்கலைன்னா வேற வீடு பாத்துக்கலாம். எந்தத் தேதி வர்றீங்கன்னு சொல்லுங்க, நான் லீவு போடணும்." கட்டைவிரல் நகர்ந்தது. கூரை சுழன்றது, ஒரு கதவு, ஒரு பாத்திர அடுக்கு, யாரோ ஒருவரின் தாடி எல்லாம் சுழன்றன, பிறகு முதல் தடவையாக யாரும் சொல்லாமலே கேமரா சரியான பக்கம் திரும்பி இசக்கிமுத்துவின் முகம் வந்தது, மூக்கு நுனி குளிரில் தோலுரிந்து, கண் இரண்டும் பளபளத்து. "அடுப்படி சின்னதா இருந்தா என்ன," என்றார், "இங்க நான் கண்டெய்னருக்குள்ளல்லா சமைக்கேன். மாசி பத்து, பதினஞ்சுக்குள்ள வந்துருவேன். நான் நெனச்சேன், நீங்க எடுக்கமாட்டியன்னு, நேத்தே மனசத் தேத்திக்கிட்டேன், இன்னைக்குக் காலைல தாளிக்கையில கடுகுக்குப் பதிலா..." என்று சொல்லும்போதே பின்னால் யாரோ கத்தினார்கள், என்ன பாஷையோ, அவர் திரும்பி ஆமா, ஆமா, எடுத்துட்டாவ என்று தமிழிலேயே சொன்னார், பத்துப்பேர் ஒரே சமயத்தில் கைதட்டிக் கூச்சலிட்டார்கள். எத்தனைபேரிடம் சொல்லிவைத்திருக்கிறார் இந்த மனுஷன்! பூங்கோதை முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள், விரலிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடுகுக்குப் பதிலா என்னத்தப் போட்டீங்க என்று அவள் கேட்க, அவர் வாயைத் திறந்து சிரிக்க, அப்படியே படம் நின்றுவிட்டது.

குரலும் நின்றுவிட்டது. அவர் நேரம் முடிந்ததோ, சாட்டிலைட் மறைந்ததோ. கை பழக்கத்தில் கீபோர்டுக்குப் போனது, என்ன ஆயிற்று என்று கேட்க விரல் மடங்கியது. வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாள். சரிபண்ண ஒன்றும் இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கடுகுக் கதைக்கு ஒரு மாதம் பொறுக்கலாம். வெளியே மூட்டம் விலகித் துடைத்த கண்ணாடி வழியாக வெயில் நேராகத் தரையில் விழுந்தது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அந்த நின்றுபோன சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பல் வரிசையை, தோலுரிந்த மூக்கை, பின்னால் கைதட்டப் போய்ப் பாதியில் நின்ற இரண்டு கைகளை. பாப்பாத்தியக்கா மெல்ல உள்ளே வந்து, அவள் தோளுக்குமேல் குனிந்து, திரைக்கு மிகப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள், சந்தையில் மாடு பார்க்கும்போதுகூட அத்தனை நேரம் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

"நல்ல மூஞ்சியாத்தானுங் இருக்குது," என்றாள்.